நாத்திகரின் உதடு அசைந்தது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பல் மருத்துவமனையில் கிடைத்தது. ஈறில் ஊசி போட்டு, வாயில் பஞ்சை அடைத்து, மரத்துப்போகட்டும் என்று என்னை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாவுக்கு அன்று மனசு ஆறவில்லை. பதில் பேச முடியாத ஆள் எதிரில் இருந்தது வசதியாகப் போயிற்று. என்னால் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே இதில் எது நடந்தது, எது அவருடைய கோபம் என்று எனக்குத் தெரியாது. (என்னையும் நீங்கள் சந்தேகிக்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

2

முதல் வரியாக இப்படி எழுதிப் பார்த்தேன்: 'அவர் கடவுளை நம்பாதவர், ஆனாலும்...'

அந்த 'ஆனாலும்' வந்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

'இருண்ட லிஃப்ட் குழிக்குள் எட்டிப் பார்த்த அந்த மனிதரின்...'

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அந்த அம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றே, "நான் நாத்திகன். பின்னாடி தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்று சொன்னவர். அவள் கும்பிடுகிறவள். (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. நேரில் பார்த்தால் மரியாதை தானாக வந்துவிடும்.)

மகளுக்குச் சின்ன வயதில் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவள், "பக்கத்துல வந்து உட்காருங்க, நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

"இல்லாத ஆள்கிட்ட என்னத்தக் கேக்குறது? என்னால நடிக்க முடியாதும்மா" என்று அவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

மகள் பிழைத்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பதிலை மனைவியும் மன்னித்துவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று வெளியில் பெருமையாகக்கூடப் பேசுவாள்.

3

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த எலக்ட்ரீஷியன்தான் பற்றவைத்தார். கணவரோடு வேலை பார்க்கிறவர்.

"அண்ணி, அண்ணன் என்ன மந்திரம் சொல்றாரு? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"மந்திரமா? அவரா?"

"லிஃப்ட் கூண்டு மேல கால் வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு வாய்க்குள்ள என்னமோ சொல்வாரு. சொல்லாம ஏறவே மாட்டாரு."

அவள் முகம் செத்துவிட்டது. கணவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். இதற்குச் சிரிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வேவு. சாப்பிட உட்காரும்போது அவர் உதட்டைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பும்போது பார்த்தாள். உதடு அசையவில்லை. வீட்டில் இவ்வளவு கவனமாக இருக்கிறாரே என்று சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

"என்ன, மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அவருக்கு ஒரு சொல் தேடினேன். நாத்திகன் என்றால் உதடு இடிக்கிறது. பக்தன் என்றால் ஆஸ்பத்திரி ஜன்னல் இடிக்கிறது. ஐயவாதி என்று ஒன்று உண்டு. (ஐயம் என்றால் சந்தேகம், பிச்சை என்றும் பொருள். ஆகா என்று துள்ளினேன். இவ்வளவு கச்சிதமாக ஒரு சொல் வந்து விழுந்தால் அதையும் நம்பக் கூடாது என்று விட்டுவிட்டேன்.)

அவளுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. வேஷக்காரன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

5

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவர் வேலை செய்துகொண்டிருந்த அலுவலகக் கட்டடத்துக்கே போய் மாடிப்படித் திருப்பத்தில் நின்றாள். அவர் சாவி போட்டு லிஃப்ட் கதவைத் திறந்தார். உள்ளே கூண்டின் மேல்தளம், கிரீஸ் மினுங்கும் கம்பி வடங்கள், ஓரத்தில் இருட்டு. கைவிளக்கை மாட்டினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது.

"யாருகிட்ட பேசுறீங்க?"

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். அந்த வேகத்தில் ஒரு கால் கூண்டின் மேல் போய்விட்டது. "நீ எங்க இங்க? கிட்ட வராத, கதவு திறந்திருக்கு."

"யாருகிட்டன்னு கேட்டேன்."

"யாருகிட்டயும் இல்ல. 'பாத்துக்க'ன்னு சொல்வேன். வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து பழக்கம்."

"பாத்துக்கன்னா, பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

"தெரியலம்மா. நெஜமாவே தெரியல."

"ரொம்ப நல்லாருக்கு. அப்ப நீங்க நாத்திகனா, இல்லையா? இன்னிக்கு ஏதாவது ஒரு பேரைச் சொல்லுங்க."

அவர் கைவிளக்கைச் சரிசெய்தார். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"நம்ம பொண்ணு உள்ள படுத்திருந்தப்ப ஜன்னல்கிட்ட போய் நின்னீங்களே. அப்ப சொன்னீங்களா?"

(நானும் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். சொன்னேன் என்றால், பெண்டாட்டியைத் தனியாகக் கும்பிட விட்டு இத்தனை வருஷம் ஏமாற்றியவர். சொல்லவில்லை என்றால், தன் உயிருக்குத் தினமும் கேட்டவர், பெற்ற பிள்ளைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.)

"சொன்னேன்" என்றார்.

"எனக்காகச் சொல்றீங்க."

"அப்ப சொல்லலைன்னு வச்சுக்க."

மறு காலையும் எடுத்து வைத்து உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

6

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் வடம் அறுந்தது. சில வரிகளுக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. மேலே உட்கார்ந்து ஒருவரைத் தண்டிக்கிற வேலை எனக்கு எதற்கு? இன்னொரு முடிவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். அதை நானே நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இதைக் கேளுங்க சார்" என்று அந்த அம்மா மேசைக்கு மேலாக என் பக்கம் குனிந்தார். "அவரு வெளிய போனதும், நல்லபடியா வீடு வந்து சேரணும்னு தினமும் கேட்டுக்குவேன். ஒரு நாள் விட்டதில்ல. அன்னிக்கு இருந்த கோவத்துல நான் கேக்கவே இல்ல. அவரும் சொல்லி முடிக்கல, நான்தான் குறுக்க பேசிட்டேனே. அப்படியும் நல்லாத்தான் வந்து நின்னாரு."

கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அதுதான் சார் இப்பப் பயமா இருக்கு."

உள்ளே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கணவருக்குச் சொல் தேடப் போன எனக்கு இப்போது அந்த அம்மாவுக்கும் ஒன்று தேட வேண்டியிருக்கிறது. அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். காலையில் மட்டும் போகாதீர்கள். கணவர் கிளம்பிப் போன அந்த நேரத்தில் அந்த அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் இன்றும் கேட்காமல் இருந்து பார்க்கலாமா என்று...