மாற்று வேட்பாளர்

"டீச்சர், வாபஸ் வாங்கறதுக்குன்னே ஒருத்தர் எதுக்கு மனு தாக்கல் பண்ணணும்?"

கேட்டவள் தந்தி. வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வருகிற வேகத்துக்காக வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். நான் கரும்பலகையில் 'மாற்று வேட்பாளர்' என்று எழுதிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். பத்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் தேர்தலுக்கும் கட்சிகளுக்கும் ஒதுக்கியிருப்பது நாலே பக்கம். அதை வாசித்தால் முதலில் கொட்டாவி விடுகிற ஆள் நான்தான். அதனால் வருடா வருடம் வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்திவிடுவேன். கட்சி தொடங்குவது, வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது, மனு, பரிசீலனை, பிரச்சாரம், ஓட்டு என்று எல்லாம் உண்டு. நான்தான் தேர்தல் அதிகாரி. ஆரம்ப காலத்தில் இதில் எனக்கு இருந்த உற்சாகம் இப்போது இல்லை. ஆனாலும் நாலு பக்கத்தைச் சத்தமாக வாசிப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

"கட்சி வேட்பாளரோட மனுவில ஏதாவது தப்பு இருந்து தள்ளுபடி ஆயிடுச்சுன்னா, கட்சிக்கு ஆளே இல்லாம போயிடும்ல? அதுக்காக இன்னொருத்தரும் மனு போட்டு வைப்பாரு. அவரோட மனுவை ஏத்துக்கிட்டாங்கன்னா இவரு வாபஸ் வாங்கிடுவாரு."

"எப்பவுமே வாபஸ்தானா?"

"பெரும்பாலும்."

"ஐயோ பாவம் டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அந்த ஐயோ பாவம் என் வீட்டில்தான் இருக்கிறார்.

என் கணவர் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. தொழில்தான் அது, பிழைப்பு முழுக்கக் கட்சி. தேர்தல் சட்டத்தில் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் எதற்கு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கும். அதனால் எங்கள் வார்டில் கட்சி யாரை நிறுத்தினாலும் மனுவை நிரப்புவது இவர், கூடவே மாற்று வேட்பாளராக மனு போடுவதும் இவர், பரிசீலனை முடிந்ததும் சிரித்த முகத்தோடு போய் வாபஸ் வாங்குவதும் இவர். அதற்குப் பிறகு வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தாரென்றால் ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் வரை இறங்க மாட்டார். கட்சிக்காரர்கள் அவரை 'மாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலியாக ஆரம்பித்தது, போகப் போக அதுவே பெயராகிவிட்டது. கடைக்கு வருகிற சின்னப் பையன்கள்கூட 'மாத்து அண்ணே, ரெண்டு காப்பி' என்கிறார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நான் பட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி தட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை சீட்டு ஒரு கான்ட்ராக்டருக்கு. எதிர்க்கட்சியிலிருந்து போன மாதம் தாவி வந்தவர். தன் மனுவைத் தன் வக்கீலே பார்த்துக்கொள்வார் என்று சொல்லி இவரை ஓரங்கட்டிவிட்டார். மாற்று மனு மட்டும் வழக்கம்போல இவருடையது. தாக்கல் செய்கிற இடத்தில் அந்த மனுக்கட்டு இவர் கையில் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. பழக்கதோஷம், புரட்டியிருக்கிறார். உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை. வாயைத் திறப்பதற்குள் யாரோ பிடுங்கி உள்ளே கொடுத்துவிட்டார்களாம்.

"நாளைக்கு மூணு மணி வரைக்கும் வேற மனு செட் குடுக்கலாம். அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. பரிசீலனையில தள்ளிடுவாங்க," என்றார்.

"தள்ளிட்டா?"

அவர் சோற்றைப் பிசைந்தார். தள்ளிவிட்டால் கட்சியின் சின்னம் இவருக்கு. சுவரில் இவர் பெயர், நோட்டீஸில் இவர் படம். இத்தனை வருடம் அந்தக் கட்சியை நான் திட்டாத திட்டில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் மாநாடு, என் அப்பா செத்த அன்றைக்கும் மாநாடு. அப்படிப்பட்ட நான்தான் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. நீங்களா எதுவும் பண்ணல. பேசாம மட்டும் இருங்க." சொன்ன பிறகுதான் எனக்கு இது எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தது. ஒரே ஒரு தடவை அவர் நிற்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

காலையில் நான் கிளம்பும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் இந்த வருடம் இரண்டே கட்சிகள். மின்விசிறிக் கட்சி, கடைசி பெஞ்ச் கூட்டணி. மின்விசிறிக் கட்சியைத் தொடங்கியதே தந்திதான். ஓடாத இரண்டு ஃபேன்களை ஓட வைப்பது என்ற ஒரே கொள்கை. போஸ்டர் எழுதியது, கோஷம் கட்டியது எல்லாம் அவள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் மட்டும் எல்லாரும் கோல்கீப்பருக்குக் கை தூக்கிவிட்டார்கள். பள்ளி அணியின் கோல்கீப்பர், உயரமான பையன், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அதற்கு மேல் என்ன வேண்டும்? தந்தியை மாற்று வேட்பாளராகப் போட்டார்கள்.

மணி அடித்ததும் மனுத்தாக்கல் முடிவு என்று சொல்லியிருந்தேன். தன் கட்சி மனுக்களை வாங்கி அடுக்கிக்கொண்டு தந்தி என் மேஜைக்கு வந்தாள். கோல்கீப்பரின் தாளில் அவள் கண் கீழே போய் நின்றதைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. அவன் பின்னால் நின்று யாரிடமோ கதையளந்துகொண்டிருந்தான். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. அவள் தன் மனுவை அதன் மேல் வைத்து, இரண்டையும் மேஜையில் தட்டிச் சரிசெய்து, என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மற்ற வருடமாக இருந்தால் 'டேய் எருமை, கையெழுத்து எங்கடா?' என்று கத்தியிருப்பேன். இன்றைக்குக் கத்தவில்லை. இந்த வழியில் போனால் என்ன ஆகும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. என் வீட்டு விஷயத்துக்கு ஒரு பிள்ளையை வைத்து ஒத்திகை பார்த்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

மணி அடித்தது. பரிசீலனையில் மனுவைத் தள்ளுபடி செய்தேன். மாற்று வேட்பாளர்தான் இனி வேட்பாளர் என்று அறிவித்தேன். வகுப்பு இரண்டாகிவிட்டது.

"அவ பாத்தா டீச்சர்! அவதான் எல்லாத்தையும் வாங்கி அடுக்கினா!" என்று கோல்கீப்பர் குதித்தான்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் டீச்சர்." அவள் எழுந்து நின்றாள். முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "பேச்செல்லாம் நான்தான் எழுதினேன். அதை அவன் படிக்கறதுக்கு நானே படிக்கலாமேன்னு தோணிச்சு. ரூல்ல தப்பா டீச்சர்?"

"ரூல்ல தப்பில்ல," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அடுத்த பாடவேளை பிரச்சாரம். அவளுடைய பெஞ்சில் இருந்த மூன்று பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். போஸ்டரைப் பிடிக்க ஆளில்லை. அவளே அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எங்கிருந்தோ 'துரோகி' என்று ஒரு குரல் வந்தது, நான் அதட்டினேன். அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் போஸ்டரைக் கீழே வைத்தாள். ஃபேனைப் பற்றி எழுதி வைத்திருந்ததையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தன் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். "நான்தான் நிக்கறேன். எனக்கு ஓட்டுப் போடுங்க." யாரும் கை தட்டவில்லை. அவளாகவே தலையாட்டிக்கொண்டு போய், காலி பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. ஓட்டுப்பதிவு நாளைக்கு. அவளுக்கு எத்தனை விழும் என்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவர் போன் செய்தார்.

"சாப்டியா?"

"அதை விடுங்க. சொல்லிட்டீங்களா?"

"காலையிலயே சொல்லிட்டேன்," என்றார். பின்னால் ஒரே இரைச்சல். "புது செட்டு நானே எழுதறேன். ஒரு சின்ன சிக்கல். முன்மொழியறதுக்கு நம்ம வார்டு ஓட்டர் வேணும். நானும் மனு போட்டிருக்கறதால நான் போட்டா வம்பாயிடும். இவரு கூட வந்திருக்கறது பூரா வெளியாளுங்க. மொத செட்டுல முன்மொழிஞ்சவனையும் சேத்து நம்மாளுங்கள்ல ஒருத்தனும் போனை எடுக்க மாட்டேங்கறான். நீ அரைநாள் லீவு சொல்லிட்டு வந்தேன்னா..."

என்னைப் போலத் தனியார் பள்ளிக்கூட டீச்சர் முன்மொழியத் தடையில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நான் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வரவில்லை, ஹெட்மாஸ்டர் விடவில்லை என்று எத்தனையோ பொய் கைவசம் இருந்தது. மூன்று மணி தானாகத் தாண்டிவிடும். ஆனால் அவர் சொல்லிவிட்டார். இனி நான் போகாமல் இருந்தால், மாத்து பெண்டாட்டியை வைத்துக் கழுத்தறுத்துவிட்டான் என்றுதான் ஊர் பேசும். வயிற்றெரிச்சலோடு மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலக வாசலில் கான்ட்ராக்டர் காருக்குள் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் வெளியே குனிந்து நின்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். முதுகு முழுக்க வியர்வை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் திண்டில் படிவத்தை வைத்து, "இங்க போடு. கட்டத்துக்கு வெளிய போகாம," என்று விரலை வைத்துக் காட்டினார். போட்டேன்.

"யாருய்யா இது?" என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

"நம்ம வீட்ல, தலைவரே."

"நல்லது, நல்லது," என்றபடி அவர் அடுத்த போனை எடுத்தார்.

மனு உள்ளே போய் ரசீது வந்த பிறகு இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெயில் இறங்கவேயில்லை. அவர் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றேன்.

"பேசாம இருந்திருக்கலாம்ல? ரூல்லகூடத் தப்பில்ல."

"இருந்து பாத்தேன்," என்றார். ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "ராத்திரி பூரா தூக்கமில்ல. சரி, நாமதான் நிக்கறோம், நாளைக்கு வண்டியில ஏறி என்ன சொல்லுவோம்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். 'உங்கள் பொன்னான வாக்குகளை' வரைக்கும் கடகடன்னு வருது. அதுக்கப்புறம் என் பேரு வர மாட்டேங்குது. எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். போன தடவை நின்னவரு பேரு வருது, அதுக்கு முந்தின ஆளு பேரு வருது. செத்துப் போனவரு பேருகூட வருது. என்னுது வரல."

சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிற அதே சிரிப்புதான். எவன் எவன் பெயரையோ தெருத்தெருவாகக் கூவிக் கூவித் தேய்ந்த குரலோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கட்சி மேல் கோபம், கான்ட்ராக்டர் மேல் கோபம், இவர் மேலும்தான்.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.

"என்னத்த?"

"முழுசா. உங்க பேரோட. எனக்குக் கேக்கணும்."

"பைத்தியமா உனக்கு? ரோட்டுல..."

"யாரு கேட்டா என்ன? சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்தது போல. பையைக் காலுக்கு நடுவில் வைத்துவிட்டு ஒரு தடவை செருமினார். மைக்கைப் பிடிப்பது போல வலது கை தானாக வாய்க்கு முன்னால் உயர்ந்தது. "உங்கள் பொன்னான வாக்குகளை," என்று ஆரம்பித்தார். வண்டியில் வருகிற அதே கணீர்க் குரல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு அம்மா குழந்தையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தபடி, கையை இறக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.