மாவைப் பொறுத்து

சவுக்குத்தோப்பில் கடவுளைப் பற்றி மூன்று அபிப்பிராயங்கள் இருந்தன. தேவபிரசாதம் கடை ரொட்டியைப் பற்றி ஒன்றுதான் இருந்தது. தூத்துக்குடி ஊர் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் அந்த விளிம்பில், சபைக்காரர்களும் மாதா கோயில்காரர்களும் முருகன் அடியார்களும் ஒன்றாக நின்ற இடம் அந்தக் கடை வாசல்தான். அங்கேயும் முண்டியடித்துத்தான் நின்றார்கள் என்பது வேறு விஷயம்.

ரொட்டி அப்படி. மேலே முறுகல், உள்ளே பஞ்சு. விரலால் அமுக்கினால் பள்ளம் விழும். விரலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல மெல்ல எழுந்துகொள்ளும். "கப்பல்ல துரைமாரு திங்கிற ரொட்டியெல்லாம் இதுக்கு உறை போடக் காணாது வே" என்பார் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவான நல்லக்கண்ணு. அவர் கப்பலுக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் அபிப்பிராயம் சொல்வதற்குக் கால் வைத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகளை மூடினார்கள். அந்த வாரமே தேவபிரசாதம் கடை ரொட்டி படுத்துவிட்டது.

படுத்தது என்றால், எழும்பவில்லை. அடுப்புக்குள் போன உயரத்திலேயே வெளியே வந்தது. புளிப்பாக, கனமாக, செங்கலுக்குத் தூரத்துச் சொந்தம் போல. உடனே சவுக்குத்தோப்பில் அபிப்பிராயங்கள் பெருகின. மாவு அமெரிக்கா மாவு என்றார் ஒருவர். அடுப்புக்கு வயசாகிவிட்டது என்றார் இன்னொருவர். கடை வாசலில் யாரோ மந்திரித்த எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. "சொதந்தரம் வந்தா எல்லாம் எந்திரிக்கும்னாங்க. ரொட்டி கூட எந்திரிக்கலியே" என்றார் நல்லக்கண்ணு. ஆனால் அதே கடையில் முட்டையும் முந்திரியும் அடித்துச் சுடும் மக்ரூன் மட்டும் பழைய மாதிரியே வாயில் வைத்ததும் கரைந்தது. அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் எல்லா அபிப்பிராயமும் ஒன்றுகூடி ஓர் ஆளின் தலையில் போய் உட்கார்ந்தது.

அந்த ஆள் பால்துரை. மாவு பிசைந்து ரொட்டி சுடுகிறவர்.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது ஒன்று: குடிகாரர். இருபது வருஷமாக அவர்மேல் கள் வாடை. அதிகாலையில் எதிரே வந்தால் வாடை, கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை. சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்திலிருந்து அவரை விலக்கி வைத்து வெகுகாலம் ஆயிற்று.

ஊருக்குத் தெரியாதது ஒன்று: பால்துரை தம் ஆயுசில் கள்ளை ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. கள் மாவுக்குள் போயிற்று. கள் விட்டுப் பிசைந்து வைத்தால்தான் விடிவதற்குள் மாவு பொங்கும். கள்ளின் புளிப்பு அடுப்பில் போய்விடும், பஞ்சு மட்டும் நிற்கும். பிசைந்தவன் கையில்தான் வாடை தங்கும். இதை வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம், கடை முதலாளி தேவபிரசாதம் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி. சங்கத்து உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் காலை ரொட்டி இந்தக் கடையிலிருந்துதான்.

"பொறுத்துக்க லே. சொன்னா ரொட்டியை எவன் வாங்குவான்? கடை இருந்தாத்தானே நீயும் நானும்" என்று தேவபிரசாதம் முதல் வருஷம் சொன்னார். அப்புறம் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. திருவிருந்துக்கும் ரொட்டி அந்தக் கடையிலிருந்துதான் போயிற்று. ரொட்டி பந்திக்குப் போயிற்று; பிசைந்தவர் போகவில்லை.

இப்போது கள் இல்லை. வாடையும் இல்லை. ஊர் இரண்டையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டது: பால்துரை குடியை விட்டுவிட்டார், அதனால் கை போய்விட்டது.

"சிலருக்கு அப்படி வே. உள்ள போனாத்தான் கை ஓடும்" என்றார் நல்லக்கண்ணு.

பெண்கள் பள்ளிக்கூடத்து கிருபாபாய் டீச்சர் ஒரு நாள் கடையின் பின்வாசலுக்கே வந்துவிட்டார். மதுவிலக்குச் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவி.

"பால்துரை, நீ விட்டது ரொம்ப சந்தோஷம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"சரிங்க டீச்சர்."

"ஆனா திடீர்னு விட்டா நரம்பு தாங்காதுன்னு சொல்லுதாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருந்து மாதிரி கொஞ்சம்… எங்கனயாவது கிடைச்சா… எனக்கொண்ணும் தெரியாது, பாத்துக்க. எங்க வீட்டுல அம்மாவுக்குப் பல்லு இல்ல. இந்த ரொட்டியை அவங்க என்ன செய்வாங்க?"

பால்துரை அன்று சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. அவருடைய ஒரே மகள் ஜெயசெல்வி நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தாள். சாத்தான்குளத்துச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார் ஏசுவடியானின் மகன் சத்தியராஜ் நாசரேத்திலேயே வாத்தியார். பையன் அவளைப் பயிற்சிப் பள்ளியில் பார்த்து வீட்டில் சொல்லியிருந்தான். போன வருஷம் விசாரிக்க ஆள் வந்தது. சவுக்குத்தோப்பு தன் அபிப்பிராயத்தைச் சொல்லி அனுப்பியது. அத்தோடு பேச்சு நின்றது.

ஜெயசெல்வி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததிலிருந்தே அவள் மனசும் அங்கேதான் என்று பால்துரைக்கு விளங்கிவிட்டது.

இப்போது உபதேசியார் தாமே பஸ் ஏறி வந்தார். நெடிய மனிதர், பாவிகளைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும்.

"பால்துரை! கேள்விப்பட்டேன். விட்டுட்டீராமே!"

பால்துரை துணிந்தார். "ஐயா, நான் குடிச்சதே இல்ல."

உபதேசியார் அவர் தோளைத் தட்டினார். "எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க. அந்தப் பெருமையையும் விட்டாத்தான் மனந்திரும்புதல். காணாமப் போன ஆட்டுக்குத்தான் பரலோகத்துல சந்தோஷம், ஞாபகம் இருக்கா? தொழுவத்துலேயே நின்ன ஆட்டை யாரு கேக்கா?"

"நின்ன ஆடுதான் ஐயா நான்."

"தை மாசம் உங்க சபையில அறுப்பின் பண்டிகை வருதுல்லா? எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு, குடிச்சதையும் விட்டதையும் சாட்சியாச் சொல்லும். நான் வாரேன். சொன்னீர்னா அன்னைக்கே நாள் குறிப்போம். ஈஸ்டர் கழிச்சுக் கலியாணம்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பதிலுக்கு நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜெயசெல்வி சொன்னாள்: "சொல்லாண்டாம்ப்பா. செய்யாததைச் செஞ்சேன்னு எதுக்குச் சொல்லணும்?"

"செஞ்சேன்னு ஊரு சொல்லி இருவது வருசம் ஆச்சு. நான் சொன்னா இருவத்தொண்ணு. அவ்வளவுதானே" என்றார் பால்துரை. ஊர் சொல்வது வேறு, தன் வாயால் சொல்வது வேறு என்பது தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

பண்டிகை நாள் வந்தது. கோயில் முற்றத்தில் வாழைத்தார், நெல்லு, கோழி, கருப்பட்டிச் சிப்பம் என்று காணிக்கைகள் குவிந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது வழக்கம். வருஷா வருஷம் உச்சத்துக்கு ஏறுவது தேவபிரசாதம் கடையின் பெரிய ரொட்டி. இந்த வருஷம் அது ஓரமாக, பூசணிக்காய்க்குப் பக்கத்தில், தலைகுனிந்து கிடந்தது. ஏலம் கேட்க நல்லக்கண்ணுவும் வந்து முற்றத்தில் நின்றிருந்தார்.

ஏலத்துக்கு முன்னால் கோயிலுக்குள் சாட்சி. பால்துரை எழுந்து போய் நின்றார். முன்வரிசையில் தேவபிரசாதம், அவர் தம் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் ஜெயசெல்வி.

"நான்… குடிச்சேன்" என்றார் பால்துரை. "இப்ப இல்ல." வந்து உட்காரத் திரும்பினார்.

உபதேசியாருக்கு அது போதவில்லை. சாத்தான்குளத்தில் சாட்சி என்றால் முக்கால் மணி நேரம். பாவம் பெரிதாக இருந்தால்தான் கிருபையும் பெரிதாகத் தெரியும். அவர் எழுந்து நின்று எடுத்துக் கொடுத்தார்.

"எத்தனை வருசமா?"

"இருவது."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாது. அன்னைக்குக் கடை லீவு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

பால்துரை பொய் சொல்லிப் பழகாதவர். கள்ளின் அளவு என்று கேட்டால் அவருக்கு ஒரு கணக்குத்தான் தெரியும். வாய் தானாகச் சொல்லிற்று:

"அது மாவைப் பொறுத்து ஐயா."

"எதை?"

"மாவு புதுசுன்னா ஒரு செம்பு கூடுதலா வேணும். மழைக்காலத்துல இன்னும் கூட." ஆரம்பித்த கணக்கைப் பால்துரையால் பாதியில் நிறுத்த முடியவில்லை. "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் ரொம்ப ஜாஸ்தி. மூணு கலயம். ஆர்டர் அப்படி."

மதுவிலக்குச் சங்கத்தார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபது வருஷமாகக் காலையில் காப்பியில் முக்கித் தின்றது என்ன என்பது ஒவ்வொருவருக்கும் மெல்ல, அந்தப் பழைய மாவைப் போலவே, பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் விளங்கியதை முகத்தில் காட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கும் விளங்கிவிடும். ஆகையால் யாருக்கும் விளங்கவில்லை. கிருபாபாய் டீச்சர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். துடைத்துவிட்டு, பாட்டு எதுவும் குறித்திராத இடத்தில் உரத்த குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். அன்றுபோல அந்தச் சபை அதற்கு முன்னும் பின்னும் ஒருமித்துப் பாடியதில்லை.

உபதேசியார் ஒருவருக்குத்தான் உண்மையிலேயே விளங்கவில்லை. "கிறிஸ்துமஸுக்கு மூணு கலயம்!" என்று கண் கலங்கினார். "எப்பேர்ப்பட்ட பாவத்திலிருந்து தூக்கியெடுத்திருக்கார்!"

ஏலத்தில் படுத்த ரொட்டிக்குப் பெரும் போட்டி. கேட்காமல் இருந்தால் விளங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று சங்கத்தார் ஒருவரையொருவர் மிஞ்சிக் கேட்டார்கள். கடைசியில் டீச்சர் அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார். "கோட்டி பிடிச்சிட்டா இவங்களுக்கு? கல்லைப் போய் இந்த வெலைக்கு…" என்று நல்லக்கண்ணு நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தார். யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை. சவுக்குத்தோப்பில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

நாள் குறித்தாயிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் ஜெயசெல்வி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. திருவிருந்தில் அவரைச் சேர்ப்பதைப் பற்றி ஆறு மாதம் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று குருவானவர் சொன்னார். செய்யாததற்கு விலக்கி வைத்தவர்கள், விட்டதை இன்னும் நம்பவில்லை.

மாசி பிறந்தது. பனையில் பாளை விட்டு, பதநீர் இறங்கத் தொடங்கியது. சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறங்கினால் பதநீர், தடவாத கலயத்தில் இறங்கினால் கள்; ஒரே பனை, ஒரே பாளை. சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கப் போலீஸ் தோட்டந்தோட்டமாக அலைந்துகொண்டிருந்தது.

தேவபிரசாதம் அடுப்பறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார். கடையில் பாதி ஆள்கூட வருவதில்லை. அவரும் இளைத்துத்தான் போயிருந்தார்.

"பால்துரை, மாப்பிள்ளையூரணிப் பக்கம் உனக்குத் தெரிஞ்ச பனையேறி இருக்கான்லா? தினமும் ஒரே ஒரு கலயம். சுண்ணாம்பு தடவ மறந்துட்டான்னு வச்சுக்கிடுவோம்."

"பிடிச்சா?"

"பிடிச்சா…" தேவபிரசாதம் சுவரைப் பார்த்தார். "நான் போய் மாட்டினா கடை போச்சு, சங்கம் போச்சு. உனக்குப் பேரு ஏற்கெனவே இருக்கு லே. பழைய ஆளு, மறுபடி விழுந்துட்டான்னு சொல்லுவாங்க. அவ்வளவுதானே?"

பால்துரை மாவிலிருந்து கையை எடுத்தார். மாவு எழும்பாமல் அவர் விரல் பதிந்த பள்ளங்களோடு கிடந்தது. கையை முகர்ந்து பார்த்தார். வெறும் மாவு வாடை. இருபது வருஷத்துக்குப் பிறகு தம்முடைய கை தமக்கே அந்நியமாக, சுத்தமாக இருந்தது. ஈஸ்டர் கழித்து ஜெயசெல்வியின் கலியாணம்; அதற்கு இன்னும் நாள் கிடந்தது.

"இல்ல அண்ணாச்சி" என்றார். "நான் விட்டுட்டேன். சபை முன்னால சாட்சி சொல்லியிருக்கேன்."