மயூரா காரும் மணல் வாளியும்

பெரார்கஞ்ச் மேட்டில் ஜெய்னுதீனின் கார் தீப்பிடித்தபோது, பின் சீட்டில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

அது 1969, அந்தமான். அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜெய்னுதீன், அந்த வருடம்தான் மெட்ராஸிலிருந்து கப்பலில் புத்தம்புது மயூரா கார் ஒன்றை வரவழைத்திருந்தார். போர்ட் பிளேரில் கார் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அவர் வண்டியைக் கேட்டு வந்துவிடுவார்கள். அவரும் மறுத்ததில்லை. வண்டியை யாரிடமும் கொடுக்கமாட்டார், தானே ஓட்டுவார்.

அன்றைய மணப்பெண் செல்லம், பெரார்கஞ்சில் நெல் பயிரிடும் குடும்பத்தில் வளர்ந்தவள். மேடு ஏறும்போது பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. ஜெய்னுதீன் வண்டியை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினார். இஞ்சின்மேல் தீ. மாப்பிள்ளை "பானி லாவ், பானி லாவ்!" என்று தண்ணீர் கேட்டு ரோட்டில் அங்குமிங்கும் ஓடினார். செல்லம் பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓரத்து வயலில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வந்து இஞ்சின்மேல் அப்பினாள். நாலைந்து நடையில் தீ அடங்கிவிட்டது. வளையல் வரை சேறு.

"ஒண்ணும் ஆகல பாய், நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?" என்று அவள்தான் அவருக்குத் தைரியம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் ஜெய்னுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யார் மொகத்துல முழிப்பேன்?" என்றார் மனைவி சைனம்புவிடம்.

"அழுது என்ன ஆகப்போவுது? வண்டிய செஞ்சவங்களக் கேளுங்க" என்றாள் சைனம்பு.

கேட்டார். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: வண்டியில் குறையே கிடையாது, இதுவரை வேறு யாரும் புகார் செய்யவில்லை, உங்கள் ஊர் உப்புக்காற்றுதான் காரணமாயிருக்கும்.

ஊரில் இன்னும் இரண்டு மயூரா இருந்தன. ஒன்று காண்டிராக்டர் சொக்கலிங்கத்துடையது, மற்றது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மங்கையர்க்கரசியுடையது. ஜெய்னுதீன் முதலில் சொக்கலிங்கத்திடம் போனார்.

"உங்க வண்டி எப்படி ஓடுதுங்க?"

"பஹுத் படியா பாய்! வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி போகுது" என்றார் சொக்கலிங்கம். வந்தவருக்குக் கொடுக்க இளநீர் எடுக்கலாமென்று வண்டியின் டிக்கியைத் திறந்தார். இளநீருக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல், மேலே ஒரு ஈரச் சாக்கு.

"மணல் எதுக்கு?"

"நம்ம தொழிலே கட்டடம்தானே பாய்."

"சாக்கு ஏன் நனைஞ்சிருக்கு?"

சொக்கலிங்கம் அவரைப் பார்த்தார். அவர் சொக்கலிங்கத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு தடவ தீப்பிடிச்சிருச்சு பாய்! கப்பல் ஜெட்டியில வண்டி எறங்கினன்னிக்கு ஊரையே கூட்டி லட்டு குடுத்தேன். அப்புறம் எந்த வாயால வெளியில சொல்றது?"

மங்கையர்க்கரசி டீச்சர் அவ்வளவு நேரம்கூட மறைக்கவில்லை. "என்னோடது மூணு தடவை. நான்தான் கியர் சரியாப் போடத் தெரியாம ஓட்டுறேன்னு நினைச்சு வெக்கப்பட்டுட்டு இருந்தேன்" என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வகுப்பறையில் கேட்கும் குரலில், "யாரும் புகார் செய்யலையாமா? மூணு பேரும் சேர்ந்து செய்வோம்" என்றார்.

மூன்று கையெழுத்தோடு போன புகாருக்குக் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. வண்டிகளைச் சோதிக்கத் தயார், பக்கத்திலுள்ள நாகப்பட்டினம் பணிமனைக்கு ஓட்டி வரவும் என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் அன்றே தந்தி அடித்தார்: "கடல்மேல் ரோடு போட்டதும் புறப்படுகிறோம்."

அந்தத் தந்தி கம்பெனியில் யாரையோ சிரிக்க வைத்திருக்க வேண்டும். அடுத்த கப்பலில் பக்தவத்சலம் என்ற இளம் இஞ்சினியர் வந்து இறங்கினார். வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தாலும் மரியாதையான ஆள். கரையோரச் சமதள ரோட்டில் மூன்று வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தார். புகையும் இல்லை, வாடையும் இல்லை.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"இங்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. வண்டூர் ரோட்டு மேட்டுல ஏத்திப் பாருங்க, ஆள் பாரத்தோட" என்றார் சொக்கலிங்கம்.

"ஆளயெல்லாம் ஏத்தவேணாம். அரிசி மூட்டைய ஏத்துங்க" என்றாள் சைனம்பு.

ஜெய்னுதீன் வண்டியில் மூட்டைகள் ஏறின. ஓட்டுவதற்கு மட்டும் பக்தவத்சலம் யாரையும் விடவில்லை. "எங்க கம்பெனி வண்டி, நான்தான் உக்காரணும்" என்றார். மற்றவர்கள் சொக்கலிங்கத்தின் லாரியில் பின்னாலேயே போனார்கள். மணல் வாளியைச் சைனம்பு மடியில் வைத்திருந்தாள்.

இரண்டாவது மேட்டில் புகை வந்தது. வண்டி நின்றது. பக்தவத்சலம் குதித்து இறங்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். தீ குபுக்கென்று எழுந்தது. ஓடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ குனிந்து உள்ளே பார்த்தார்.

"அணைக்காதீங்க! ஒரு நிமிஷம்! எங்கிருந்து சொட்டுதுன்னு பார்த்துக்கிறேன்! அதோ, பெட்ரோல் குழாயோட இணைப்பு! மேட்டுல குலுங்கி கசியுது, நேரா சூடான புகைக்குழாய் மேல..."

"பார்த்தது போதும் வாங்க தம்பி!" என்று சைனம்பு வாளியைக் கவிழ்த்தாள். பாதி மணல் இஞ்சினுக்கும் மீதி இஞ்சினியருக்கும் கிடைத்தது.

தலையெல்லாம் மணலோடு ரோட்டோரம் உட்கார்ந்து அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்களுக்கு மட்டும் இல்லீங்க. ஊட்டியில ஒருத்தர், ஏற்காட்டுல ஒருத்தர்னு எழுதிக்கிட்டேதான் இருந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் வேற யாரும் சொல்லலையேன்னு பதில் போயிருக்கு. எனக்கும் அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க."

"இப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றார் ஜெய்னுதீன்.

"கண்ணால பார்த்ததச் சொல்வேன்."

சொன்னார். மெட்ராஸுக்குப் போன அவருடைய தந்திக்கு முதலில் பதில் வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை. ஊர்ப் பட்டறையில் உட்கார்ந்து மூன்று வண்டியிலும் பெட்ரோல் குழாயைச் சூடு படாத பக்கமாகத் திருப்பி, நடுவில் தகடு வைத்துத் தடுத்தார். மேட்டில் மறுபடி மறுபடி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்ததே தவிர, தீ வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது சைனம்பு அவருக்கு மீன் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தாள்.

சில வாரம் கழித்துக் கப்பலில் வந்த பேப்பர் கட்டை ஜெய்னுதீன் கடையில் பிரித்தபோது, டீச்சர்தான் முதலில் பார்த்தார். எல்லா மயூரா வண்டிகளையும் பணிமனைக்குக் கொண்டுவந்து பெட்ரோல் குழாயை இலவசமாக மாற்றிக்கொள்ளும்படி கம்பெனி அறிவிப்புக் கொடுத்திருந்தது.

"ஊட்டிக்காரருக்கும் ஏற்காட்டுக்காரருக்கும் சேர்த்து நம்ம சைனம்பு மணல் கொட்டியிருக்காங்க!" என்று சொக்கலிங்கம் மேஜையைத் தட்டினார். ஜெய்னுதீன் பஜார் முழுக்க டீ சொல்லி அனுப்பினார்.

அந்தச் சத்தத்தில் சைனம்பு புருஷன் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"இனிமே அதுல பயம் ஒண்ணும் இல்லல்ல?"

"பில்குல் இல்ல."

"அப்ப நாளைலேருந்து எனக்கு ஓட்டச் சொல்லித் தாங்க."

ஜெய்னுதீன் டீயைக் கீழே வைத்தார். மறுப்பதற்கு ஏதாவது காரணம் கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தார். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மைதானத்தில் மயூரா விட்டுவிட்டுத் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டில் ஜெய்னுதீன் கண்ணை மூடிக்கொண்டு "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார்.