கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள்

...டொக்டரிடம் போக எனக்கு முன்னால் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள், அதற்குள் என்ன சொல்வதென்று யோசித்துக்கொள்ளலாம், போன தடவை சொன்னதையே சொன்னால் போதாதா, "தேத்தண்ணிக்கு சீனி போடுறீங்களா" என்று கேட்பார்கள், "இல்லைங்க" என்றால் முடிந்தது, அது பொய்யா, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார்தான் தேத்தண்ணிக்குள் சீனி போட்டோம், உள்ளங்கையில் ஒரு குவியல் கொட்டிக்கொண்டு, அதை நக்கி நக்கித்தானே வெறும் சாயத்தைக் குடித்தோம், இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தேத்தண்ணி இறங்கும்... கேட்காததற்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆனால் இந்த முறை விஷயம் வேறு. போன வாரம் எடுத்த இரத்தம் மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடுமாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் றஷீதா ராத்தா சொல்கிறார், பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருக்கிறவரின் மனைவி, எனக்கு வருவதற்கு ஆறு வருடத்துக்கு முன்பே இந்த சீனி வருத்தம், இந்த நோய், வந்தவர், கிளினிக்கில்தான் பழக்கம். "ரெண்டு நாள் வாயக் கட்டிட்டு வந்து ஏமாத்துற வேலையெல்லாம் இனி சரிவராது தனலெட்சுமி" என்று சிரிக்கிறார். பொதுவாகச் சொன்னாரா, என்னைத்தான் சொன்னாரா... முந்தாநாளிலிருந்து நான் ஒரு துளி சீனி தொடவில்லை.

அங்கே தாதி வழக்கமான பாடத்தைத் தொடங்கிவிட்டாள், அப்பா அம்மாவுக்கு இருந்தால் வரலாம், வயது நாற்பது தாண்டினால் வரலாம், இடுப்பில் சதை போட்டால் வரலாம், உட்கார்ந்தே இருந்தால் வரலாம் என்று விரல் மடக்குகிறாள், அடிப் போடி, நானா உட்கார்ந்தே இருந்தவள், முப்பத்திநாலு வருடம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தெமோதரை மலையெல்லாம் ஏறி இறங்கினவள்... சரி, இப்போது? பென்ஷன் எடுத்து மகள் மதுஷா வீட்டுக்கு டவுனுக்கு வந்த பிறகு வாசலுக்கும் டிவிக்கும்தான் நடை. கால் நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை. மலை ஏறுகிறவளுக்கான நாலு ரொட்டியும் ஒரு மலைச் சோறும் அப்படியே உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. தாதி சொல்வது சரிதான், இருந்தாலும் கோபம் வருகிறது. செருப்புக்குள் இடது பெருவிரலை அசைத்துப் பார்க்கிறேன், அடியில் ஒரு புண், மூன்று வாரமாகிறது, மதுஷாவுக்குக்கூடக் காட்டவில்லை, வலித்தாலாவது பரவாயில்லை, வலிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வலிக்காமல் தொடங்கியது.

அவர் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைத் தோள் உயரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை, நான் பக்கத்து மலையில் கொழுந்து எடுப்பேன். பத்து மணித் தேத்தண்ணிக்கு இறங்கி வருவார், பனியில் விரலெல்லாம் மரத்துப்போயிருக்கும், மடியிலிருந்து சீனிப் பொட்டலத்தை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டுவார், தன் பங்கை ஒரு நொடியில் முடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுப்பார், "இந்தா புள்ள, ஒனக்கு இவ்வளவு எதுக்கு" என்று. மாமியார் மேலேயிருந்து கத்துவாள், "வெக்கங்கெட்டதுக, நாலு பேரு பாக்குறாங்க!" பார்க்கட்டுமே, எங்கள் காலத்தில் புருஷன் பெண்டாட்டி கையைத் தொட வேறு எந்த நேரம் இருந்தது, லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவில் எட்டுப் பேர்... அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கென்று இருந்தது. எவ்வளவு நல்லாயிருந்தது, கடவுளே.

அவருக்கு சீனி வருத்தம் என்று சொன்ன அன்றைக்கே டின்னை ஒளித்து வைத்தேன். அவர் சண்டை போடவில்லை, தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையைச் சும்மா நீட்டினார். ஒரு நாள் பொறுத்தேன், இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் கொட்டிவிட்டேன், என்னால் முடியவில்லை. கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் கிடையாது, தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார் என்றால் ரோட்டோரப் புல்லை மட்டும் வெட்டுவோமே, அப்படி. இரத்தமும் துரை மாதிரியே ஏமாந்தது. "நல்ல கட்டுப்பாடு, இதே மருந்து போதும், சீனி ஒண்ணும் எடுக்கிறதில்லதானே" என்று அப்போதிருந்த டொக்டர் கேட்க, அவர் இல்லை என்பார், பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன், பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்... முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே, அதிலிருந்து எட்டாம் மாதம் அவரே போய்விட்டார். நாலு வருடமாகிறது. சீனி கொடுத்துக் கொன்றவள் என்று என்னை நானே திட்டாத நாள் இல்லை, அப்படியும் தினம் ஐந்து தடவை அதே கையில் கொட்டிக்கொள்கிறேனே, இது என்ன கேடுகெட்ட மனம்?

என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டொக்டர் ஜுமானா, மதுஷா வயதுதான் இருக்கும், தாளைப் பார்த்து, "மூணு மாசக் கணக்கு பத்துக்கு மேல நிக்கிது அம்மா, இண்டைக்குக் காலையில எடுத்தது மட்டும் நல்லாயிருக்கு, எப்பிடி?" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் வாயை இறுக்கியிருப்பேன். "உங்கட வீட்டில வேற யாருக்கும் இருந்திச்சா" என்று கேட்டார், அவ்வளவுதான், செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிட்டேன், உள்ளங்கையை விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், அவருக்குக் கொடுத்ததையும் சொன்னேன். டொக்டர் குனிந்து புண்ணைப் பார்த்தார், விரலை அழுத்திப் பார்த்தார். "நல்ல வேள இப்பயாவது காட்டினீங்க, இது ஆறும், ஆனா இன்சுலின் தொடங்கணும், பயப்பிடாதீங்க, ஊசி போட்டா கடைசி எண்டு ஒண்ணும் இல்ல."

"நான் குடுத்த சீனிதானே டொக்டர் அவர கொன்னுச்சு?"

"அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. இந்த நோய்க்கு நெறையக் காரணம் இருக்கு, சீனி மட்டும் இல்ல. கையில கொஞ்சம் எடுக்கிறார் எண்டு தெரிஞ்சிருந்தாலே போதும், மருந்தக் கூட்டியிருப்பாங்க, அப்பவே ஊசி தொடங்கியிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாமப் போச்சு." ஆறுதலாகத்தான் சொன்னார், என் தோளையும் தொட்டார். எனக்கு ஏன் உடம்பெல்லாம் குளிர்ந்தது? சீனி கொடுத்தது ஆசையில், அதை நான் அழுது அழுது பாதி கழுவிவிட்டேன்... மற்றது, பக்கத்தில் நின்று தலையாட்டியது? நாலு வருடத்தில் அதை ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லையே. டொக்டர் எழுதிக்கொண்டே, "அவரோட கிளினிக்குக்கு நீங்களும் போவீங்களா" என்று கேட்டார்.

"ஒரு தடவகூட விடல டொக்டர்" என்றேன்.