குறித்த நேரம், விரும்பிய நேரம்

கப்பல் கம்பெனியின் அட்டை வந்த சனிக்கிழமை மத்தியானம் கமலவேணி பின்வாசல் படியில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி போய் வாங்கினாள். உறைமேல் மகன் ஜெயபாலனின் கையெழுத்து. அவன் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருந்தான். மதராஸில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ருக்மணிக்குத் தை மாதம் தலைப்பிரசவம். அப்பாவையும் அம்மாவையும் மார்கழியில் இரண்டாம் வகுப்பில் ஏற்றி அனுப்புவதாக அவன் முன்பே எழுதியிருந்தான். டெக்கில் பாயை விரித்துப் படுத்துப் போகிற பயணம் இல்லை. தனி அறை, காற்றாடி, உட்கார்ந்து சாப்பிட ஒரு பெரிய கூடம்.

அட்டை இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு வரிக்கு மேலும் ஜெயபாலன் பென்சிலால் தமிழில் பொடிப்பொடியாக எழுதியிருந்தான், அம்மாதான் முதலில் பிரிப்பாள் என்று தெரிந்தவன்போல. பெயர், வயது. நாடு என்ற இடத்தில் அச்சாகியிருந்த பழைய பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் மலாயா என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார்கள். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புது அட்டை அடிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அதற்குக் கீழேதான் அந்தக் கேள்வி இருந்தது. ‘இரவுச் சாப்பாடு எப்போது வேண்டும்?’ மூன்று கட்டங்கள். முதல் மணி, ஆறுக்கு. இரண்டாம் மணி, எட்டுக்கு. இந்த இரண்டும் குறித்த நேரம், குறித்த மேசை. மூன்றாவது, விரும்பிய நேரம்: ஆறிலிருந்து எட்டரைக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம்.

கமலவேணி அதை இரண்டு தரம் படித்தாள். அவளை யாரும் இதுவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவளுக்கே பதில் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள். பிள்ளைகள் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கும் பிறகு. அடுப்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, மிச்சம் இருப்பதைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காரும்போது எட்டரையோ ஒன்பதோ ஆகியிருக்கும். அது அவள் சாப்பிடும் நேரம், சரி. அவளுக்குப் பசிக்கும் நேரம் எது? கீரைக்கட்டு மடியிலேயே கிடக்க, அவள் வெகுநேரம் அதை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் தம்பிராஜா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். புக்கிட் காதில் போகிற பஸ், புக்கிட் ரம்பாய் போகிற பஸ், எல்லாம் அவர் விசில் ஊதினால்தான் கிளம்பும். ஒரு நிமிடம் முந்திக் கிளம்பிய டிரைவரை மறுநாள் எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரிப்பார். ஆனால் பிந்தி ஓடி வருகிற பயணியைப் பார்த்துவிட்டால் விசிலை வாயருகில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார் என்றும் டிரைவர்கள் சொல்வதுண்டு. ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, விபூதி பூசி, ஏழு மணிக்குப் பாயில் உட்காருவார். அந்த நேரத்துக்குத் தட்டு விழ வேண்டும். இருபத்தெட்டு வருடமாக விழுந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் ஏழு மணிக்கு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே அட்டையைப் படித்தார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு. குறிச்ச நேரம்தான்.”

“எந்த மணி?”

அவர் திரும்பப் படித்தார். ஆறு இருந்தது, எட்டு இருந்தது. ஏழு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை.

“என்ன கப்பல் நடத்துறானுங்க” என்றார்.

கமலவேணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசத்தை ஊற்றினாள். “விரும்புன நேரம்னு போட்டுருங்க. ஏழு மணிக்கே போலாம்லா.”

“அவனவன் இஷ்டத்துக்கு வந்தா அது சாப்பாட்டுக் கூடமா, பாசார்ச் சந்தையா? ஒக்கார எடம் இருக்கும்னு என்ன நிச்சயம்?”

“எனக்கு அதுதான் நல்லாத் தோணுது” என்றாள் கமலவேணி. சொன்ன பிறகுதான், அவர் ஒன்று சொல்லித் தான் வேறொன்று சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும். மோரை ஊற்றச் சொல்லாமலே எழுந்து கைகழுவப் போனார். அட்டை, காலண்டர் மாட்டிய ஆணியில் போய்ச் செருகிக்கொண்டது. பத்து நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்று மகன் எழுதியிருந்தான்.

மறுநாள் காலை வேலியோரத்தில் பக்கத்து வீட்டு மீனாச்சி அக்காவிடம் விஷயம் போய்ச் சேர்ந்தது. மீனாச்சி, பல தலைமுறையாக மலாயாவிலேயே வாழ்ந்துவரும் காஜா பேராங் பக்கத்துச் செட்டிக் குடும்பத்துப் பெண். கோயில், விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். கமலவேணி கல்யாணமாகி வந்த புதிதில் மலாய் கற்றுக்கொண்டதே அந்த வேலியில்தான். மீனாச்சி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “மேசையில் உட்கார்ந்தே பழக்கமில்லாதவர்களுக்கு மேசைச் சண்டை என்ன” என்று மலாயில் கேட்டாள். பிறகு அவளே வழியும் சொன்னாள். அவள் வீட்டில் சும்மா கிடக்கும் சின்ன மேசையையும் இரண்டு நாற்காலியையும் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். மூன்று விதமாகவும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்டையை நிரப்பட்டும். அன்று சாயங்காலமே அவள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர் மேசையைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு வேலியைச் சுற்றி வந்தார்கள்.

தம்பிராஜா மறுப்பார் என்றுதான் கமலவேணி நினைத்தாள். அவரோ ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு போட்டார். திங்கள், செவ்வாய் ஆறு மணி. புதன், வியாழன் எட்டு. வெள்ளி, சனி விரும்பிய நேரம். பஸ் அட்டவணை போலவே இருந்தது. “சோதிச்சுப் பாத்துட்டுப் போடுறது நல்லதுதான்” என்றார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்து சேர, கடைசி இரண்டு பஸ்ஸை உதவியாளர் சுப்பையனிடம் விட்டுவிட்டு அரை ஓட்டமாக வந்தார். மேசையில் உட்கார்ந்ததும் கால்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. பழக்கத்தில் ஒரு காலை மடித்து நாற்காலிமேல் ஏற்றினார், பிறகு இறக்கினார். கமலவேணி பக்கத்தில் நின்று பரிமாறினாள். “நீயும் ஒக்காரு” என்றார். “நீங்க சாப்புடுங்க, கூட்டு அடுப்புல இருக்கு” என்று உள்ளே போனாள். செவ்வாயும் அப்படித்தான் போனது. கூட்டுக்குப் பதில் அப்பளம்.

புதன்கிழமை எட்டு மணி என்பது அந்த வீட்டில் ஒரு பெரிய சோதனை. ஏழுக்கே அவர் மேசைக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்கினார். ஏழேகாலுக்குத் தண்ணீர் குடித்தார். ஏழரைக்கு, ரொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து இவர்கள் வீட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எட்டடித்ததும் அங்கிருந்து யாரோ கைதட்டினார்கள். வியாழன் இரவு சாப்பிட்டு எழுந்தபோது தம்பிராஜா காகிதத்தில் எட்டு மணியின்மேல் அழுத்தமாக ஒரு கோடு கிழித்தார்.

வெள்ளிக்கிழமை. கமலவேணி கத்தரிக்காய் வறுவலை இறக்கி வைத்தாள். சோறு அப்போதுதான் பொங்கி அடங்கியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. வறுவலின் வாசனை ஏறி மூக்கில் பட்டதும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் படுத்தது மாதிரி இருந்தது. அது என்ன என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. பசி. கடிகாரத்தில் ஐந்தரை. அவள் மெதுவாகக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தினமும் இந்த நேரத்தில்தான் ஒரு வாய்த் தண்ணீரோ ஆறிப்போன கோப்பியோ குடித்து எதையோ அமுக்கியிருக்கிறாள். அது தாகம் என்று நினைத்திருந்தாள்.

விரும்பிய நேரம் என்றால் இதுதானே. தட்டை எடுத்தாள். சூடான சோற்றை, குழம்பு ஊற்றிய இடத்தில் ஆவி எழும்பும் சோற்றை, பானையின் அடியில் சுரண்டி எடுக்காத சோற்றை அவள் முதல் ஆளாகப் போட்டுக்கொண்டாள். கத்தரிக்காயில் முறுகலாக இருந்த துண்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். அப்பளம் நொறுங்கும் சத்தம் காலி வீட்டில் பெரிதாகக் கேட்டது. மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, யாருக்காகவும் காதைத் தீட்டி வைக்காமல் சாப்பிட்டாள். ஜன்னல் வழியே பார்த்துவிட்ட மீனாச்சி ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

தம்பிராஜா ஏழுக்கு வந்து உட்கார்ந்தார். கமலவேணி தட்டை வைத்தாள்.

“நான் சாப்புட்டேங்க” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்து வந்தது.

அவர் கை சோற்றில் நின்றது. “எப்ப?”

“அஞ்சரைக்கு. பசிச்சிச்சு.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் சாப்பிட்டார். வறுவலை நன்றாக இருக்கிறது என்றார். கைகழுவிவிட்டு வந்து ஆணியிலிருந்து அட்டையை எடுத்தார், பென்சிலை எடுத்தார். மூன்றாவது கட்டத்தின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“போடுங்களேன்” என்றாள் கமலவேணி. “நீங்க சொன்னதையே போட்டாலும் சரி. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“அதில்ல.” அவர் அவளைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துப் பேசினார். “குறிச்ச நேரம்னா மேசையில சீட்டு எழுதி வைப்பாங்களாம். ஜெயபாலன் ஸ்டாண்டுக்கு டெலிபோன் பண்ணப்ப சொன்னான். ஒரு நாக்காலிக்கு எம் பேரு, பக்கத்து நாக்காலிக்கு ஒம் பேரு. பேரு எழுதி வச்சிருந்தா நீ ஒக்காந்துதானே ஆவணும்.”

கமலவேணி அட்டையை எட்டிப் பார்த்தாள்.

“விரும்புன நேரம்னா, ‘நீங்க போங்க, நான் பொறவு வரேன்’னு சொல்லுவே. எனக்குத் தெரியாதா.”

“நான் எப்பவும் பக்கத்துலதானே நிக்கிறேன்.”

“நிக்கிறே. சாப்புடலையே. இருவத்தெட்டு வருசமா நான் தனியாத்தான் சாப்புடுறேன்.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் அவளை உலுக்கியது. அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“கல்யாணம் ஆன புதுசுல சொன்னேன். அம்மா இருந்தாங்க. நீ அவங்க மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போயிட்டே. அப்புறம் அதுவே பழக்கமாச்சு. இந்தத் திங்கக்கெழம கூடச் சொன்னேன்.”

திங்கட்கிழமை அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

“சரி, ஒக்காருறேன்” என்றாள். “ஆனா எனக்கு அஞ்சரைக்குப் பசிக்குது.”

“அஞ்சரைக்கா?” அட்டவணையில் இல்லாத ஒரு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி அவர் நிமிர்ந்து பார்த்தார். “எப்பேர்ந்து?”

“தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு.”

தம்பிராஜா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏழுக்கு அங்கே இடமில்லை என்பதை இன்னொரு முறை உறுதிசெய்துகொண்டவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, “அஞ்சரைக்குப் பக்கத்துல ஆறுதான் இருக்கு” என்று முதல் கட்டத்தில் பட்டையாக ஒரு குறி போட்டார். சனிக்கிழமைச் சோதனைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மேசையைத் திருப்பித் தரப் போனபோது, கப்பல் ஏறுகிறவரை உங்கள் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று மீனாச்சி சொல்லிவிட்டாள்.

மார்கழியில் கப்பல் ஏறினார்கள். முதல் நாள் சாயங்காலம் மணி அடித்ததும், கமலவேணி நீலப் பட்டுச்சேலையில், அவர் இரும்பாக விறைத்து நின்ற புதுக் கோட்டில், கூடத்துக்குள் போனார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார். தட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் அவள் பெயர். அவளால் படிக்க முடியவில்லை. நீளத்தைப் பார்த்துத் தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் சோற்றுப் பாத்திரத்தோடு அருகில் வந்தபோது அவள் கரண்டியை வாங்கக் கையை நீட்டிப் பாதி எழுந்துவிட்டாள். தம்பிராஜா அவள் சேலை நுனியை மேசைக்குக் கீழே மெல்லப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தாள். சோறு அவள் தட்டில் முதலில் விழுந்தது. கத்தரிக்காய் இல்லை, பருப்பில் உப்பு குறைவு. இரண்டையும் அவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் முழுசாக ஆமோதித்தார். பேச்சு அங்கிருந்து ருக்மணிக்குப் போய், பிறக்கப்போகிற குழந்தைக்குப் போய், சுப்பையன் ஒழுங்காக விசில் ஊதுவானா என்பதில் வந்து நின்றது.

சாப்பிட்டு முடித்தபோது ஏழாகவில்லை. கழுவப் பாத்திரம் இல்லை, போய்ச் சேர வீடு இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வானத்தில் கடைசிச் சிவப்பு மிச்சமிருந்தது. திடீரென்று தண்ணீரிலிருந்து ஒரு கூட்டம் மீன்கள் வெள்ளிக்காசை வீசியதுபோல எழும்பி, சிறகடித்துக் கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி உள்ளே போயின.

“அங்க பாருங்க” என்றாள் கமலவேணி.

அவர் திரும்புவதற்குள் கடல் மூடிக்கொண்டுவிட்டது. “எங்க?”

“மீனு. பறந்துச்சு.”

“மறுபடி வருமா?”

“தெரியல.”

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அவள் காட்டிய திசையில், அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். இருட்டிக்கொண்டு வந்த தண்ணீரை இரண்டு பேரும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.