இடப்பக்கத்து மூன்றாவது துளை

மழைக்காலம் முடிந்த வாரத்தில், மாடி வீட்டு அக்காவின் மடிக்கணினிக்கு இடது பக்கத்தில் மூன்றாவதாக, கம்பி செருகும் ஒரு துளை முளைத்தது. முதலில் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு இருந்தது. பிறகு அது மெல்ல வாய் திறந்து, வார இறுதிக்குள் மற்ற இரண்டு துளைகளுக்கும் பக்கத்தில், அவற்றைவிடச் சற்றுப் பெரிதாக, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல உட்கார்ந்துகொண்டது. அக்கா அதை அன்றே கவனித்தாள். ஆனால் அந்த வாரம் தண்ணீர்க்குழாயும் உடைந்திருந்ததால், இதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஊருக்கெல்லாம் அவள் அக்காதான். கூடவே இருந்த தம்பி வாசலில் நின்று அப்படியே கூப்பிட்டுப் பழக்கியதால், அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றார்கள். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்தது போலப் படமாக்கித் தருவது அவள் வேலை. பால்கனியில் விழும் வெயில், தரையில் ஓடும் ஜன்னல் கம்பிகளின் நிழல், ஈரம் காயாத படிக்கட்டு எல்லாவற்றையும் அவள் கணினியிலேயே உண்டாக்குவாள். கட்டுமானக்காரர்கள் அந்தப் படங்களைச் சாலையோரத்தில் பெரிதாக மாட்டி, செங்கல் வந்து இறங்கும் முன்பே வீடுகளை விற்றுவிடுவார்கள். தம்பி பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தான்.

வெயிலையும் நிழலையும் கணக்குப் போடுவதற்குள் கணினிகளுக்கு மூச்சு வாங்கும். இதற்கு முன் வாங்கியவையெல்லாம் கொஞ்ச காலம் ஓடிவிட்டு, மின்விசிறி அலற, சூட்டில் செத்துப்போயின. ஒரு பாகம் கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும், எல்லாவற்றையும் உள்ளே ஒட்டவைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம் என்று ஒரு கம்பெனி புது மடிக்கணினியைக் கொண்டுவந்தபோது அக்கா முதல் ஆளாக வாங்கினாள். திரை, கீபோர்டு, கேமரா என்று எதை வேண்டுமானாலும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கம் இழுப்பறை போல ஒரு காலி இடம் விட்டிருந்தார்கள். அதில், படங்களை வேகமாகக் கணக்கிடும் பெரிய கிராபிக்ஸ் பாகம் விரைவில் வரும் என்றார்கள். கீபோர்டு இருக்குமிடத்தில் திருகுகள், உருளைகள், தொடுபலகைகள் என்று கைக்கு ஏற்றதை வைத்துக்கொள்ளலாம், அவையும் விரைவில் வரும் என்றார்கள்.

அக்கா முதலில் கிராபிக்ஸ் பாகத்துக்காகத்தான் காத்திருந்தாள். ஸ்கூட்டரில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்த பிறகு, கைக்கு ஏற்ற அந்தத் திருகுகளுக்கும் உருளைகளுக்கும் காத்திருக்கத் தொடங்கினாள். கை இருந்தது, சொன்ன பேச்சைத்தான் கேட்கவில்லை. மவுஸின் மேல் வைத்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கும் ஆளின் கையைப் போலக் கிடந்தது. இடது கையால் முயன்றாள். மாடிப்படிகள் கோணலாக வந்தன. வேலைகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்களிடம் போயின. தம்பி எதுவும் சொல்லாமல் இரண்டு ஷிஃப்ட் பார்க்க ஆரம்பித்தான். அவன் எதுவும் சொல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

துளை முளைத்த அடுத்த வாரம் அக்கா கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"இடது பக்கம் மூணாவதா ஒரு போர்ட் இருக்குங்க. அதுல எதை மாட்டணும்?"

"அந்த மாடலுக்கு இடது பக்கம் ரெண்டுதான் மேடம்."

"எனக்கு மூணு இருக்கு."

"போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம்."

அனுப்பினாள். படத்தில் இரண்டுதான் தெரிகின்றன என்று பதில் வந்தது. அக்காவும் தம்பியும் அதே படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், மூன்று இருந்தன. கடைசியில் தம்பி, "அவங்க ஊர்ல மூணை ரெண்டுன்னுதான் எண்ணுவாங்களோ என்னவோ," என்றான். கடைத்தெருவில் இருந்த ரிப்பேர்காரர் மூன்றையும் பார்த்தார். சின்ன டார்ச்சை மூன்றாவதற்குள் அடித்து, வெகுநேரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்துவிட்டு, உள்ளே கணினியின் அகலத்தைவிட அதிக தூரம் போகிறது, தூசி இல்லை, நல்ல காற்றோட்டம் இருக்கிறது என்றார். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

எந்தக் கம்பியும் அதில் பொருந்தவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் அக்கா கையில் இருந்த சீப்பை அதில் குத்தினாள். சீப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. திரையில் பாதியில் கிடந்த பூங்காவின் மரங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. கரண்டியைச் செருகியபோது நீச்சல் குளம் பள்ளமானது. அப்படியே இடது கையால், வீட்டுச் சாமான்களை வைத்து, அவள் திரும்ப வேலை செய்யத் தொடங்கினாள். எது எதைச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பல் துலக்கும் பிரஷ் ஒருநாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, மறுநாள் அதே சுவரை இடித்தது. தம்பி வேலைக்குக் கிளம்பும்போது தன் பெல்ட்டைத் தேடி அந்தத் துளையிலிருந்து உருவிக்கொள்வான். அதனால் ஒருமுறை எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு தளம் தொங்கிப்போனது.

காலியாக இருந்த பின்பக்க இழுப்பறையும் சும்மா இருக்கவில்லை. அதற்குள் எதுவும் வைக்காமலேயே படங்கள் துல்லியமாகிக்கொண்டே போயின. ஆற்றங்கரையில் வரப்போகும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் படத்தை அவள் முடித்த அன்று, அதன் பால்கனியில் விழுந்த மாலை வெயில் திரையைத் தாண்டி அறைத் தரையில் விழுந்தது. அப்போது காலை. தம்பி பதறிப்போய் மாலை ஷிஃப்டுக்கு ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் குழம்பினான். அதன் பிறகு அக்காவின் வீட்டில் இருந்தவர்களுக்கு மணி என்ன என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பசித்தபோது சாப்பிட்டார்கள். மேகமூட்டமான நாட்களில் கீழ்வீட்டுக்காரி ஈரத்துணிகளைக் கொண்டுவந்து அந்த வெயிலில் காயப்போட்டாள். சீக்கிரம் காய்கிறது, ஆனால் பெயின்ட் வாசனை வருகிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்தப் படத்தில் ஒரு பெண் நிற்கிறாளே என்று கட்டுமானக்காரர்தான் முதலில் கேட்டார். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றாள். அக்கா அவளை வைக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது தம்பி அந்த முகத்தின் மேல் விரலை வைத்தான்.

"அக்கா, அது நீ."

"நான் இங்க இருக்கேன்ல?"

"அதான் எனக்கும் புரியல."

ஜன்னலில் நின்றவள் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள், வலது கையால். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "அவளை எடுத்துடு," என்றாள்.

"எதைக் கழட்டினா போவான்னு தெரியலையே."

"எல்லாத்தையும் கழட்டு. கழட்டலாம்னுதானே வாங்கினேன்."

தம்பி திருப்புளியை எடுத்து கீபோர்டைக் கழற்றினான், பாட்டரியைக் கழற்றினான், கேமராவைக் கழற்றினான். கடைசியில் மேசை முழுக்கப் பாகங்கள் பரவிக் கிடக்க, எந்தக் கம்பியும் இல்லாத வெறும் திரையில் அவள் நின்று வரைந்துகொண்டே இருந்தாள். தனியாகக் கிடந்த இடப்பக்கச் சட்டத்தில் மூன்றாவது துளை இப்போது ஒரு மணிக்கட்டின் அளவுக்கு விரிந்திருந்தது. அக்கா தன் செத்த கையை இடது கையால் தூக்கினாள்.

"வேண்டாம்க்கா. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"இந்தக் கைக்கு இன்னும் என்ன ஆகப்போகுது?"

கை முழங்கை வரை உள்ளே போனது. சட்டத்தின் மறுபுறம் எதுவும் வரவில்லை. தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா?"

"யாரோ கையப் பிடிச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியல. என் கை மாதிரிதான் இருக்கு." இன்னும் கொஞ்சம் முன்னே சாய்ந்து, "சூடா இருக்குடா," என்றாள். அடிபட்ட நாளிலிருந்து அந்தக் கைக்குச் சூடும் குளிரும் தெரிந்ததில்லை. தம்பி அப்போதுதான் அழுதான். ஏன் அழுகிறோம் என்று அவனுக்கும் விளங்கவில்லை.

கையை வெளியே எடுத்துவிட்டுப் பாகங்களைத் திரும்ப மாட்டினார்கள். கை அசையவில்லை, ஆனால் விரல்களில் பென்சில் கரி படிந்திருந்தது. எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் புதுக்கரி இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தினமும் உழைக்கிற கை போலத் தெரிகிறது என்று எழுதினார். அக்கா கோணத்தையும் வெளிச்சத்தையும் வாயால் சொல்வாள். ஜன்னலில் நிற்பவள் வரைவாள். சில நேரம் அவள் வரைந்துவிட்ட பிறகுதான் அக்காவுக்கு அது தோன்றும். இருவரில் யார் முதலில் நினைத்தது என்று ஆரம்பத்தில் சண்டை நடந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். வேலைகள் திரும்பி வந்தன. தம்பி ஒரு ஷிஃப்டோடு நிறுத்திக்கொண்டு கல்யாணமும் செய்துகொண்டான். வந்த பெண் முதல் நாளே ஜன்னல்காரியையும் அண்ணி என்று கூப்பிட்டாள்.

சில வருடங்கள் கழித்து, எல்லோரும் மறந்துபோன பிறகு, கம்பெனியிடமிருந்து கிராபிக்ஸ் பாகம் நிஜமாகவே வந்து சேர்ந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது. அதன் பிறகு ஜன்னலில் நிற்பவளுக்கு நிழல் விழுந்தது, காதோரம் நரை தெரிந்தது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

ஆற்றங்கரைக் கட்டடம் ஒருவழியாக எழுந்து ஆட்கள் குடிவந்தார்கள். ஒருநாள் பகலில் அதன் மூன்றாம் மாடிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தருபவர், படம் செய்தவரின் விலாசத்தைக் கட்டுமானக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கி அக்காவின் மாடியேறி வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்கதான். தப்பா நினைக்காதீங்க. தினமும் மதியம் எங்க வீட்டு ஜன்னல்கிட்ட நின்னு வரைஞ்சிட்டு இருக்கீங்க. தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல. நாங்க சாப்பிடற நேரம் அது. நிக்க வெச்சிட்டு சாப்பிடறதுக்கு என் வீட்டுக்காரிக்கு மனசு வரல. சாப்பிடக் கூப்பிடலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னா."

அக்கா யோசித்தாள்.

"கூப்பிடுங்க," என்றாள். "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா போடச் சொல்லுங்க."

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.