ஐஸில் வந்த கட்டி

மனைவி இராசாத்தியின் மார்பிலிருந்து காலையில் வெட்டி எடுத்த கட்டியை மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்து இறங்கினார் குருநகர் மீன் வியாபாரி வின்சன்ற். புற்றுநோயா இல்லையா என்பதை அங்கேதான் பார்த்துச் சொல்லவேண்டும். கிளினிக்கில் கட்டியைப் போத்தலில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சாம்பிள் வாங்கும் சுவர்ணா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"என்னண்ணை, மீனோ?"

"மீனில்லைத் தங்கச்சி. மனுசியின்ரை கட்டி."

"போத்தலிலை போட்டெல்லோ தந்திருப்பினம்?"

"தந்தவை. மூடியைத் திறந்து மணந்து பாத்தன். போமலின். கீழை ஊத்திப்போட்டன்."

வின்சன்ற் பெருமையோடு தொடர்ந்தார்.

"எனக்குத் தெரியாத மணமே? பழசைப் புதுசெண்டு விக்கிற கள்ளர் மீனுக்கு அடிக்கிற சாமான். என்ரை கடை வாசலுக்கும் அதை விடமாட்டன், மனுசியின்ரை சதைக்கு விடுவனோ? கழுவி, ஐஸ் போட்டு, புத்தம் புதுசாக் கொண்டந்திருக்கிறன்."

"அண்ணை, மீன் தின்னுறதுக்கு. இது பாக்கிறதுக்கு. வெட்டின நேரம் சதையின்ரை கலங்கள் எப்பிடி இருந்ததோ, அப்பிடியே பிடிச்சு வைக்கத்தான் போமலின். உறைஞ்சு போயிருந்தா உள்ளுக்கை எல்லாம் கிழிஞ்சிருக்கும். நுணுக்குக்காட்டியிலை ஒண்டும் விளங்காது."

"விளங்காட்டில்?"

"வேறை துண்டு எடுக்கேலுமோ?"

"முழுக்க எடுத்தாச்சாம். மிச்சமில்லை."

பெருமையெல்லாம் வடிந்து வின்சன்ற் வாங்கில் அமர்ந்தார். சுவர்ணா பெட்டியோடு டொக்ரரிடம் ஓடினாள். அந்த நேரம் பார்த்து இராசாத்தியின் அழைப்பு வந்தது.

"குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு."

"குரல் ஏன் உப்பிடிக் கிடக்குது? போத்தலைக் கீழை போட்டுட்டியளோ?"

"போத்தலுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப எதுக்கு ஒண்டு?"

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து எல்லாத்தையும் ஐஸிலைதான் வைக்கிறியள். என்னை மட்டும்தான் இன்னும் வைக்கேல்லை."

"ஏசு. நல்லா ஏசு."

"ஏச நேரமில்லை. டொக்ரர் ஒரு சொல்லுச் சொல்லாமல் அங்கையிருந்து அசையாதேங்கோ."

டொக்ரர் பத்மாசினி அவரை உள்ளே கூப்பிட்டார். கட்டி தட்டில் கிடந்தது.

"ஐஸ் நேரை முட்டினதோ, அண்ணை?"

"இல்லை டொக்ரர். பொலித்தீனிலை சுத்தி, அதுக்கு மேலை துணி சுத்தித்தான் வைச்சனான்."

டொக்ரர் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கத்தியால் நடுவே பிளந்தார். வின்சன்ற் தினமும் எவ்வளவோ வெட்டுகிறவர். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உறையேல்லை. கழுவினதிலை வெளிப்பக்கம் கொஞ்சம் வெளிறிக் கிடக்குது. உள்ளுக்கை பரவாயில்லைப் போலை."

அகன்ற போத்தலொன்றில் கட்டியைப் போட்டு போமலினை ஊற்றினார். அதே மணம். வின்சன்ற் எட்டிப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் விடுங்கோ, டொக்ரர்."

"இது காணும்."

"பரவாயில்லை, விடுங்கோ."

சுவர்ணா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

"மெழுகிலை பதிச்சு, மெல்லிசாச் சீவி, சாயம் போட்டாத்தான் மிச்சம் தெரியும். அடுத்த கிழமை மனுசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"மனுசியையும் ஏன், டொக்ரர்? ஏதும் கூடாததோ?"

"உங்களை நம்பி இனி ஒரு சாமானும் தந்துவிடேலாது. அதுதான்."

அடுத்த கிழமை இருவரும் போய் டொக்ரரின் முன்னால் இருந்தார்கள்.

"கலமெல்லாம் வடிவாத் தெரியுது" என்றார் டொக்ரர். "இது நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. பயப்பிட ஒண்டுமில்லை."

இராசாத்தி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். பக்கத்தில் திரும்பினாள். மனுசன் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொக்ரர், இவருக்கும் ஒருக்கா உறைக்கச் சொல்லுங்கோ. தான் பழுதாக்கிப்போட்டன் எண்டு ஒரு கிழமையா ஒழுங்காச் சோறு தின்னேல்லை. வருத்தக்காரி நான். கஞ்சி காய்ச்சிப் பருக்கினதும் நான்."

"அண்ணை, நீங்கள் ஒண்டையும் பழுதாக்கேல்லை. மனுசிக்கும் ஒண்டுமில்லை."

வின்சன்ற் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். எழுந்தார். திரும்பவும் இருந்தார்.

"இராசாத்தி, இஞ்சை கிட்டடியிலை நல்ல சாப்பாட்டுக்கடை எங்கை கிடக்குது?"